தகரக் கூரையின் கீழே காடைமுட்டை

பயம் எனக்குப் பிறவிக் குணம். கரப்பான்பூச்சி பறந்தால் கத்துவேன். இடி இடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் உட்காருவேன். அப்படிப்பட்ட ஒருத்தியைக் கொண்டுபோய் அந்தமானில் குடிவைத்தது என் தலையெழுத்து. தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் பிறந்தவள்தான் நான். கடலுக்குப் பயப்படுவேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் கரையில் நின்று பார்க்கிற கடல் வேறு, நான்கு பக்கமும் நம்மைச் சுற்றி நிற்கிற கடல் வேறு. மெட்ராஸில் கப்பல் ஏறியது முதல் போர்ட் பிளேரில் இறங்குகிறவரை நான் கண்ணையே திறக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது பொய். இரண்டு தடவை திறந்தேன். இரண்டு தடவையும் வாந்தி எடுப்பதற்காக.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் போர்ட் பிளேரில் மின்னி பே என்கிற இடத்தில் இருந்தோம். வரிசையாகப் பலகை வீடுகள், மேலே தகரக் கூரை. தரையும் பலகைதான், இடுக்கு வழியாகக் கீழே மண் தெரியும். என் வீட்டுக்காரருக்கு மரமில்லில் வேலை. காலையில் சங்கு ஊதினால் போவார், சாயங்காலம் சங்கு ஊதினால் தலைமுடி, காது, புருவமெல்லாம் மரத்தூளோடு வருவார். பக்கத்து வீட்டில் ஒரு பெங்காலிப் பெண். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. இரண்டு பேரும் அங்கே எல்லாரும் பேசுகிற இந்தியில் தட்டுத்தடுமாறிப் பேசிக்கொள்வோம். அவளை நான் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன் இருந்தான், இன்னும் பால் மறக்காதவன்.

என் மகளுக்கு அப்போது மூன்று மாதம். இதற்கு முன்னால் ஊரில் பிறந்த ஒன்று தங்கவில்லை. அதனால் இவள் பிறந்த நாளிலிருந்து நான் பயப்படுவதற்குப் புதிதாகக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தும்மினால் பயம், விக்கினால் பயம், தகரத்தில் தேங்காய் விழுந்தால் பயம், பூமி லேசாக ஆடினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவேன். அங்கே பூமி அடிக்கடி ஆடும். வரிசையில் மற்றவர்கள் சோறு தின்றுகொண்டிருப்பார்கள், நான் மட்டும் முற்றத்தில் நிற்பேன்.

என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, நிக்கோபார் தீவுகளுக்குப் போய்வரும் கப்பலில் கலாசி, கயிறும் நங்கூரமும் பார்க்கிற வேலை. கப்பல் திரும்பினால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். ஒருமுறை சங்கு கொண்டுவந்தார், ஒருமுறை பெரிய நண்டு கொண்டுவந்து என்னை வீட்டைவிட்டே துரத்தினார். அந்தச் சித்திரை மாதம் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார்.

"மதினி, கையக் காட்டுங்க."

"என்னன்னு சொல்லும், பெறகு காட்டுதேன்."

டின்னைத் திறந்தார். தேங்காய் நாருக்குள்ளே ஏழு முட்டை. கோழிமுட்டையில் கால்வாசி இருக்காது. மங்கிய பச்சையில் பொடிப்பொடியாகப் புள்ளி.

நான் இரண்டடி பின்னால் போனேன். "பாம்பு முட்டையா?"

"பாம்பு எங்க மதினி புள்ளி வச்சு முட்ட போடுது? காடை முட்ட. கமோர்ட்டா தீவுல எறங்கி கப்பல்ல கெடக்க ஆட்டுக்குப் புல்லறுக்கப் போனோம். காலு வைக்கப் போனேன், விர்ருன்னு ரெண்டு பறந்துட்டு. குனிஞ்சு பாத்தா இது. அப்பதான் இட்டிருக்கும் போல, சூடே இல்ல. அண்ணனுக்குக் காடன்னா உசுரு, அதான் எடுத்துட்டு வந்தேன்."

அவித்து உப்புப் போட்டால் ஆளுக்கு ஒரு வாய்க்குக் காணும் என்றுதான் நான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் டின்னை வாங்கிப் பார்த்த பார்வையிலேயே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதில் கண்ணி வைத்துக் காடை பிடித்துத் திரிந்தவர் அவர்.

"இத அடைக்கு வச்சா என்னடே?" என்று தம்பியைக் கேட்டார்.

"ஒரு குஞ்சு வராது. கப்பல் ஆடுன ஆட்டத்துல உள்ள எல்லாம் கலங்கிப் போயிருக்கும்."

தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வராது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், என் வீட்டுக்காரருக்கு அது வந்தே ஆகவேண்டும். மரமில்லிலும் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் பத்துப் பேர் சிரித்திருக்கிறார்கள். அதோடு தீர்ந்தது கதை.

முதலில் தீதியின் கோழியிடம் வைத்துப் பார்த்தார். அது அடைக்குக் கிடந்த கோழிதான். ஆனால் இந்த முட்டைகளை ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணால் பார்த்தது, எழுந்து நின்று ஒன்றை மிதித்து உடைத்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு உள்ளூர நிம்மதி. அவருக்கோ இன்னும் பிடிவாதம் ஏறியது.

அந்தமானில் மழை இறங்குவதற்கு முந்தைய வெயிலை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தகரக் கூரை காய்ந்து, அதன் கீழே பரணில் கையை நீட்டினால் அடுப்புப் பக்கம் நீட்டியது மாதிரி இருக்கும். அவர் ஸ்டூல் மேல் ஏறிப் புறங்கையைப் பரணில் வைத்துப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல. தகரத்துக்கு ரொம்பப் பக்கமென்றால் வெந்துவிடும், கொஞ்சம் இறக்கினால் கோழியின் வயிற்றுச் சூடு. ஒரு மரப்பெட்டி செய்து அந்த உயரத்துக்குக் கட்டினார். பகலெல்லாம் வெயில் அடைகாக்கும். பொழுது இறங்கினால் பெட்டிக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு.

விளக்கு என்றதும் நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பலகைச் சுவர், பலகைத் தரை, பலகைப் பெட்டி, அதற்கடியில் மண்ணெண்ணெய் விளக்கு. எங்கள் வீட்டில் பிடித்தால் வரிசையே போகும். அதைவிட, பிள்ளையின் தொட்டில் தொங்கியது அந்தப் பரண் உத்திரத்தில்தான். வீட்டில் கனம் தாங்குகிற உத்திரம் அது ஒன்றுதான். பெட்டி ஒரு ஓரம், என் பழைய சேலையில் கட்டிய தொட்டில் கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில்.

"பிள்ளைக்கு மேலயா தீயைத் தொங்கப் போடுவாவ?" என்று கத்தினேன்.

"தீ எப்படிளா வரும்? நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க குறட்டைல்லா விடுவீக!"

இரண்டு நாள் நான் தொட்டிலை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வாசல் கதவுக்குப் பக்கத்தில் படுத்தேன். மூன்றாம் நாள் அவரே இறங்கிவந்தார். மில்லின் பின்பக்கத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்து கறுத்துப்போன மரத்தூள் மலைபோலக் குவிந்திருக்கும். அதில் ஒரு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே கையை விட்டால் ஈரம் சொதசொதவென்று இருந்தது. பெட்டியின் அடியில் அதை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார். விளக்கு வைத்த தகரத் தட்டைச் சுற்றிலும் அதையே அணைத்துவைத்தார்.

"ஈரத் தூளுளா. நெருப்பே பட்டாலும் பிடிக்காது. முட்டைக்கும் ஈரம் வேணும். போதுமா?"

போதும் என்றேன். நெருப்புக்கு வழியில்லை என்று தெரிந்ததும் பிள்ளையை மறுபடி தொட்டிலில் போட்டேன். ஈரத்தில் என்ன வரும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. மரமில்லில் வேலை பார்க்கிற எல்லார் வீட்டிலும் அந்தத் தூள்தான் கோழிக்கூட்டில், கக்கூஸில், அடுப்பில், முற்றத்துச் சேற்றில் கிடந்தது.

முட்டையைத் திருப்பிப் போடுவது என் வேலையாயிற்று. ஒரு பக்கம் கரியால் சிலுவை போட்டுவைத்திருந்தார். காலையில் சிலுவை மேலே, மத்தியானம் சிலுவை கீழே, சாயங்காலம் மறுபடி மேலே. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறுவேன். ஸ்டூல் ஆடும். விழுந்தால் தொட்டில்மேல் விழக்கூடாது என்று சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து நிற்பேன். விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் திருப்புவேன். தண்ணீர் தொட்டுத் தெளிப்பேன். எனக்கு அந்த முட்டைகள்மேல் பாசமெல்லாம் இல்லை. கைதவறி ஒன்று உடைந்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்பதுதான் என் கவலை.

இரண்டு வாரம் கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்வந்ததும், ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து முட்டைகளை அதில் மிதக்கவிட்டார். இரண்டு சும்மா கிடந்தன. மற்ற நான்கும் தண்ணீரில் தானாக ஆடின, உள்ளேயிருந்து யாரோ உதைப்பதுபோல. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வயிற்றுக்குள்ளே பிள்ளை உதைத்தபோது வந்த அதே நடுக்கம். "வெளிய எடுங்க, மூச்சு முட்டிரும்" என்று நானே கத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்கப்புறம் பெட்டியிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. நகத்தால் ஓட்டைத் தட்டுவதுபோல டிக், டிக். புதன்கிழமை காலையில் மூன்று முட்டையில் விரிசல் விழுந்திருந்தது. மில் சங்கு ஊதிவிட்டது. போக மனமில்லாமல் போனார். "தொட்டுராத. அதுவா வரட்டும். ஏறி ஏறிப் பாக்காத" என்று வாசலில் நின்று இரண்டு தடவை சொன்னார்.

பார்க்காமல் இருக்க முடியுமா? பத்து மணிக்கு ஏறிப் பார்த்தேன். மூன்று குஞ்சு வெளியே வந்து கிடந்தன. ஒவ்வொன்றும் என் கட்டைவிரலின் மேல்கணு அளவு. ஈரம் ஒட்டிப்போய், முதுகில் மஞ்சள் கோடு போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நடுங்கின. அந்தத் தீவுக்கு வந்தபிறகு நான் பயமில்லாமல் பார்த்த முதல் பிராணி அதுதான். இவ்வளவு சின்னதுக்குப் பயப்பட முடியாது. அதுதான் எனக்குப் பயந்து நடுங்கியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இறங்கி வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டேன். உலை வைத்தேன். மீன் கழுவினேன். சோறு வடித்துவிட்டு, நாலாவது முட்டை என்னாயிற்று என்று பார்க்க மறுபடி ஏறினேன்.

இரண்டு குஞ்சுகள் ஒரு மூலையில் ஒட்டிக் கிடந்தன. மூன்றாவதை நான் முதலில் காணவில்லை. பிறகு கண்டேன். தூளுக்குப் பாதி உள்ளே, பாதி வெளியே, அதைச் சுற்றி ஏதோ கயிறு சுற்றியிருப்பதுபோல இருந்தது. இந்தக் கயிறு எப்படி வந்தது என்று விரலை நீட்டினேன். கயிறு தலையைத் தூக்கியது.

எங்கள் ஊரில் செய்யான் என்போம், பெரிய ஜாதிப் பூரான். அங்கே கன்கஜூரா. ஊரில் நான் பார்த்ததெல்லாம் விரல் நீளம். இது என் கையில் ஒரு சாணுக்கும் மேலே, விரல் கனம், கறுப்பும் சிவப்புமாய்ப் பளபளவென்று, இரண்டு பக்கமும் மஞ்சள் கால். பாம்பைக் கண்டால்கூட அசராதவர்களும் அந்தத் தீவில் இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். பெரியவர்களைக் கடித்தால் நாள் கணக்கில் புரளுவார்கள், கைப்பிள்ளையைக் கடித்தால் பிழைக்காது என்று வரிசையில் எல்லாரும் எனக்குச் சொல்லிச் சொல்லிவைத்திருந்தார்கள்.

விரலை இழுத்துக்கொண்டேன். நான் அசைந்ததில் அது குஞ்சை விட்டுவிட்டுப் பெட்டியின் விளிம்பில் ஏறியது. விளிம்பிலிருந்து உத்திரத்துக்குப் போனது. உத்திரத்தின் மேலாகத் தொட்டில் கட்டிய பக்கமாக ஓடி, மரத்தின் பின்னால் வளைந்து, மறைந்துவிட்டது.

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. குதித்திருப்பேன். தொட்டில் என் கண்ணெதிரே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சேலையின் மடிப்பு எத்தனை, சுருக்கம் எத்தனை! அதில் எதற்குள் அது இறங்கியிருக்கும்? சட்டென்று இழுத்தால் கடிக்கும். மெதுவாகப் பார்த்தால் அதற்குள் கடிக்கும். மாதாவே, மாதாவே என்று வாய் சொல்ல, இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பிள்ளையை அப்படியே அள்ளினேன். சட்டையைக் கழற்றி எறிந்தேன். அரைத்துணியைப் பிடுங்கி எறிந்தேன். கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு என்று விரல்விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அம்மணமாகத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

முற்றத்தில் பப்பாளி மரத்தடியில் துவைக்கிற கல். அதில் போய் உட்கார்ந்தேன். தூக்கம் கலைந்த ஆத்திரத்தில் பிள்ளை வீறிட்டது. மார்பில் போட்டேன். அழுகை அடங்கிக் குடித்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வீட்டுக்குள் இனிக் கால் வைப்பதில்லை, அடுத்த கப்பலில் மெயின்லேண்ட் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

தீதி குடத்தோடு வந்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொல்லச் சிரித்தபடி வந்தவள், நாலடி தூரத்தில் அப்படியே நின்றாள். சிரிப்பு போய்விட்டது.

"பெஹன்," என்றாள் மெதுவாக. "ஹிலோ மத்."

தங்கச்சி, அசையாதே என்று அர்த்தம். என் முகத்தைப் பார்க்கவில்லை அவள். எனக்குப் பக்கவாட்டில் நின்று கொண்டைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் பிடரியில் தெரிந்தது. வியர்வை வழிகிறது என்று நினைத்திருந்தேன். வியர்வை நிற்காது, இது நின்று நின்று நகர்ந்தது. தொட்டிலில் இறங்கவில்லை. ஸ்டூலில் நான் நின்றபோதே உத்திரத்திலிருந்து என்மேல் விழுந்திருக்கிறது. பிள்ளையை அதனிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்து அதையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

கரப்பானுக்குக் கத்துகிறவள் நான். அன்றைக்கு நான் கத்தவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. அது கழுத்தைச் சுற்றி முன்பக்கம் வந்தது. ஒவ்வொரு காலும் தனித்தனியாக ஊசி வைத்து எடுப்பதுபோல இருந்தது. குனிந்து பார்த்தால் தலை அசையும் என்று கண்ணை மட்டும் தாழ்த்தினேன். தோள் எலும்பில் ஏறி நின்றது. கொம்பு இரண்டையும் இப்படியும் அப்படியும் ஆட்டியது. அதற்குக் கீழே என் மார்பு, மார்பில் பிள்ளையின் கன்னம். கன்னம் பால் இழுக்க இழுக்க அசைந்துகொண்டிருந்தது. அசைகிறதைத்தான் அது தேடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தீதி குடத்தைக் கீழே வைக்கக்கூடப் பயந்து நின்றாள்.

அது கீழே இறங்கத் தலையை நீட்டியது. வலது கையால் பிடித்தேன்.

தைரியம் என்று பின்னால் எல்லாரும் சொன்னார்கள். தைரியமும் இல்லை, மண்ணும் இல்லை. பயம்தான். வேறு எந்தப் பயமும் நிற்க இடமில்லாத அளவுக்கு ஒரே பயம். உள்ளங்கைக்குள் அது முறுக்கிக்கொண்டு கட்டைவிரல் அடியில் கடித்தது. கொதிக்கிற எண்ணெயில் கையை விட்டதுபோல இருந்தது. விட்டால் பிள்ளைமேல் விழும் என்று இன்னும் இறுக்கினேன். அது மறுபடி கடித்தது. தீதி பாய்ந்துவந்து பிள்ளையை என் மார்பிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பிறகுதான் கையை உதறினேன். அவள் இடுப்பில் பிள்ளையோடு, துவைக்கிற கல்லுக்கு அண்டைகொடுத்திருந்த செங்கல்லை எடுத்து அதை நசுக்கினாள். இரண்டு துண்டான பிறகும் இரண்டு துண்டும் நடந்தன.

யாரோ மில்லுக்கு ஓடினார்கள். அவர் வந்தார். லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கை முழங்கைவரை வீங்கி, வளையலை வெட்டி எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். டாக்டரம்மா மலையாளி, நல்ல மாதிரி. பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. கை வலி ரெண்டு நாள்ல குறையும். பால் கொடுக்கலாம், பயப்படவேண்டா" என்றார். நான் தலையாட்டினேன். கொடுப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்தபடிதான் தலையாட்டினேன்.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. மீன் அரியும்போது கெளுத்தி முள் குத்திவிட்டால், கைப்பிள்ளைக்காரி விஷம் இறங்குகிறவரை பால் கொடுக்கமாட்டாள். பாலைப் பீய்ச்சி மணலில் விட்டு மூடிவிடுவார்கள், கோழிகூடக் கொத்தக்கூடாது. என் அம்மா செய்தாள், என் அக்கா செய்தாள். கெளுத்தி முள்ளுக்கே அப்படியென்றால் செய்யானுக்கு? டாக்டரம்மாவுக்குக் கெளுத்தியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அதோடு இன்னொன்று என்னைத் தின்றுகொண்டிருந்தது. கடித்த பிறகுதான் தீதி பிள்ளையைப் பிடுங்கினாள். நடுவில் இவள் ஒரு வாய் குடித்தாளா, இரண்டு வாய் குடித்தாளா?

வீட்டுக்கு வந்ததும் அவர் பெட்டியைத் தூளோடு முற்றத்தில் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். ஈரத் தூள் அப்போதும் லேசில் பிடிக்கவில்லை. நாலாவது முட்டை பொரியாமலே போயிற்று. மிச்சமிருந்த இரண்டு குஞ்சையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

தீதி தன் பாலைக் கொடுத்துப் பார்த்தாள். மகள் வாயை வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தீதியின் பையன் அம்மா மடியில் வேறு பிள்ளையைப் பார்த்து மண்ணில் புரண்டு அழுதான். பவுடர் பாலைக் கரைத்துப் பாலாடையில் கொடுத்தார்கள். குடித்தது, அப்படியே கக்கியது. எனக்கோ மார்பு கல்லாகிவிட்டது. இடதுகையால் பீய்ச்சிப் பீய்ச்சிப் பப்பாளி மரத்தடியில் விட்டு மண்ணைத் தள்ளினேன். கை வலி ஒரு பக்கம், மார்பு வலி ஒரு பக்கம். பிள்ளை அழுகிற ஒவ்வொரு தடவையும் பால் தானாகவே வழிந்து ரவிக்கையை நனைத்தது. அந்த ராத்திரியை எழுத எனக்குத் தெம்பில்லை, விட்டுவிடுகிறேன்.

விடிந்தபோது பிள்ளையின் அழுகை சின்னதாகியிருந்தது. அழுகை சின்னதாவதைப்போலப் பயங்கரம் வேறில்லை. முதல் பிள்ளையிடம் நான் அதைக் கேட்டிருக்கிறேன். அவரும் கேட்டிருக்கிறார். முதல் பிள்ளையைப் பற்றி அன்றுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஒண்ணத் தூக்கிக் குடுத்தாச்சு," என்றார். "இத நீயே பட்டினி போட்டுக் கொல்லப்போறியாளா?"

"என் பாலு விஷம்னா?"

"டாக்டரம்மா சொல்லியாச்சுல்லா!"

"அவங்க பிள்ளையா இது?"

அவர் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, நிலைப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. கொடுத்தாலும் சாவு, கொடுக்காவிட்டாலும் சாவு என்று நான் நம்பிவிட்ட நேரம் அது. கொடுக்காமல் போனால் பசியோடு போகும். அதை நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை. ரவிக்கையைத் தளர்த்தினேன். இது என்னை மன்னிக்கட்டும் என்று சொல்லி மார்பில் சேர்த்தேன்.

ஆவேசமாகக் குடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு நீலமாகிறதா, கண் சொருகுகிறதா, நுரை தள்ளுகிறதா. வயிறு நிறைந்ததும் வாய் தானாக விலகியது. தலை என் கையில் சாய்ந்தது. கண் மூடிவிட்டது.

வயிறு நிறைந்த பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? ஆனால் எனக்கு அது தூக்கமாகத் தெரியவில்லை. மூக்கருகே விரல் வைத்தேன். என் விரலே நடுங்கியதால் மூச்சு வருகிறதா என்று தெரியவில்லை. உள்ளங்காலைக் கிள்ளினேன். வீறிட்டு அழுதாள். அப்பாடா என்று இருந்தது. மறுபடி தூங்கினாள். மறுபடி பயம் வந்தது. மறுபடி கிள்ளினேன். "பிள்ளையத் தூங்கவிடுளா" என்று அவர் கெஞ்சினார். தூங்கவிட்டால் எழுந்திருக்குமா என்று யார் எனக்குச் சொல்வது? குடித்தாள், தூங்கினாள், கிள்ளினேன், அழுதாள். அன்றைக்குப் பகல் முழுக்க இதுவே நடந்தது. வலது கை வீங்கிக் கிடந்ததால் எல்லாம் இடதுகையால்தான்.

சாயங்காலம் தீதி வந்தாள். பிள்ளை வாய்விட்டு அழுகிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்த முகத்தோடுதான் வந்தாள். தூக்கிக் கொஞ்சியவள், காலைப் பார்த்ததும் பிள்ளையைக் கடித்துவிட்டது என்று அலறினாள்.

"கன்கஜூரா! கன்கஜூரா! பச்சாகோ காட்டா!"

பிள்ளையின் இரண்டு உள்ளங்காலும் சிவந்து, அங்கங்கே தடித்து, திட்டுத்திட்டாக இருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து ஓடிவந்தார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆள்கள் வந்துவிட்டார்கள். தீதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியே விட்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன். நான்தான் கிள்ளினேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லத் தெரியவில்லை. தமிழிலும் வார்த்தை வரவில்லை. இடதுகையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அவளுக்குக் காட்டினேன். காட்டிவிட்டு அழுதேன். கடித்தபோதுகூட அழாதவள், அப்போதுதான் அழுதேன்.

தீதி என் விரல்களைப் பார்த்தாள், பிள்ளையின் காலைப் பார்த்தாள். ஓங்கி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு பாயை விரித்து என்னைத் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தாள். பிள்ளையை எனக்குப் பக்கத்தில் போட்டாள். சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் ஆள்காட்டி விரலைப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

"தும் ஸோ ஜாவ்," என்றாள். "ஹம் தேக்தா ஹை."

நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த விரல் அசையாமல் அங்கேயே இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இருந்தது. தூங்கிவிட்டேன்.